ஓர் ஊசியும் ஓர் இழையும்

வாலாசாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரத்திற்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள பழம்பதி தென்னேரி. ஊரின் பெயரே ஏரியின் பெயர். மழை நன்கு பொழிந்த ஆண்டில் அவ்வேரி கடல்போல் அலை எறியும். 'திரையனேரி' என்பதே நாளடைவில் 'தென்னேரி' என்று மருவிற்று என்பர். பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனாகிய தொண்டைமான் இளந்திரையனின் பெயரை அவ்வூர் இங்ஙனம் இன்றளவும் தாங்கி நிற்கின்றது. காஞ்சி மாநகரம் அங்கிருந்து நெடுந்தொலைவில் இல்லை. காஞ்சியின் கோயில் மணியோசை தென்னேரிக்குக் கேளாது. ஆயினும் காஞ்சியின் தறியோசை கேட்கும். பட்டு நெசவு நகரத்தின் எல்லையோடு நின்றுவிடும் தொழில் அன்று. சுற்றிலும் உள்ள சிற்றூர்களின் வீட்டுத் திண்ணைகளைக் கடந்து உள்ளறைகளிலும் அது குடிபுகுந்துள்ளது.

அத்தகைய வீடு ஒன்றில் ஒன்பதாம் வகுப்பில் பயிலும் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் தந்தை பட்டு நெய்பவர். வீட்டின் பெரிய அறை தறிக்கு உரியது. மீதி இடமே மனிதர்க்கு உரியது. குழியில் கால்களை வைத்து மிதிபலகையை மிதித்து, கையால் நாடாவை ஓட்டித் தந்தை நெய்வார். கரையும் உடலும் வேறு வேறு நிறமாய் அமையும் கோர்வைச் சேலையாயின், கரைப்பக்கத்து நாடாவை வாங்கித் தருவதற்கு இன்னொருவர் அருகில் இருத்தல் வேண்டும். தாயார் இராட்டையின் முன் அமர்ந்து தார் சுற்றுவார். நாடாவினுள் வைக்கும் சிறு குழலில் ஊடை நூலைச் சுற்றுவதே தார் சுற்றுதலாகும். அது நின்றால் தறியும் நின்றுவிடும்.

சேலை நெய்து முடிந்து தறியிலிருந்து அறுக்கப்படும்பொழுது, முந்தானையின் ஓரத்தில் ஊடை கோக்கப்படாத பாவு இழைகள் ஒரு சாண் அளவுக்குத் தொங்கும். அவற்றை அப்படியே விட்டால் நெய்த பகுதியும் ஓரத்திலிருந்து பிரியத் தொடங்கும். ஆதலின் அவ்விழைகளைச் சிறு சிறு கற்றைகளாகப் பிரித்து, முறுக்கி, முடிச்சிட்டுக் குஞ்சம் கட்டுவர். அழகுக்காகக் கட்டியது போலத் தோன்றும் அக்குஞ்சம் உண்மையில் காவலுக்காகக் கட்டியதே. அவ்வீட்டில் குஞ்சம் கட்டுவது ஆயாவின் வேலை. தந்தையைப் பெற்ற அம்மூதாட்டி கைகளின் பழக்கத்தாலேயே முடிச்சுகளை ஒரே அளவாக வைப்பார். அக்கம்பக்கத்துப் பெண்களும் தங்கள் சேலைகளைக் கொணர்ந்து கொடுத்துக் குஞ்சம் கட்டி வாங்கிச் செல்வர். பின்னர் ஆயாவின் கண்களில் புரை படர்ந்தது. பட்டிழையின் நிறம் தெரிந்தது, இழை தெரியவில்லை.

அந்த ஆண்டில்தான் பள்ளியின் தையல் ஆசிரியை ஒரு சிறு ஊசியை வகுப்பிற்குக் கொண்டுவந்தார். அதற்குக் காது இல்லை, கூர்முனையும் இல்லை. ஒரு சாண் நீளம். நுனியில் தூண்டில் முள்போல் வளைந்த ஒரு கொக்கி. அவ்வளவே. "இதற்குக் குரோஷா ஊசி என்று பெயர்" என்றார் ஆசிரியை. குரோஷா என்பது பிரெஞ்சு மொழிச் சொல். சிறிய கொக்கி என்பதே அதன் பொருள். கருவியின் பெயரே தொழிலுக்கும் பெயராயிற்று. இக்காலத்தில் கடைகளில் அலுமினியத்தாலும் எஃகாலும் ஆன ஊசிகள் பல பருமன்களில் கிடைக்கின்றன. மெல்லிய நூலுக்கு மெல்லிய எஃகு ஊசி. தடித்த நூலுக்குத் தடித்த ஊசி. புதிதாகக் கற்பவர் நான்கு மில்லிமீட்டர் பருமனுள்ள ஊசியையும், வெளிர்நிறமான சற்றே தடித்த பருத்தி நூலையும் கொள்வது நலம். கருநிற நூலில் கண்ணிகள் ஒன்றோடொன்று கலந்து கண்ணுக்குப் புலப்படா. கற்பவர் தம் பிழையைத் தாமே காண இயலாது போகும்.

முதற்பாடம் சங்கிலி. நூலின் தலைப்பில் ஒரு சுருக்கு முடிச்சிட்டு ஊசியில் மாட்டிக்கொள்ள வேண்டும். இடக்கைச் சுட்டுவிரலின்மேல் நூல் ஓடவேண்டும். வலக்கையிலுள்ள கொக்கியால் அந்நூலைப் பற்றி, ஊசியிலிருக்கும் கண்ணியின் வழியே இழுத்தால் புதிய கண்ணி ஒன்று பிறக்கும். மீண்டும் பற்றி மீண்டும் இழுத்தால் மற்றொன்று. இவ்வாறே கண்ணியுள் கண்ணியாகத் தொடர்ந்து செல்வது சங்கிலி. எத்துணைப் பெரிய பின்னலாயினும் ஊசியின்மேல் நிற்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான். இரண்டு ஊசிகளைக் கொண்டு பின்னும் கம்பளிப் பின்னலில் நூறு கண்ணிகள் ஒருங்கே ஊசியில் நிற்கும். ஒன்று நழுவினால் ஏணிபோல் அடிவரை ஓடிவிடும். குரோஷாவில் அவ்வச்சம் இல்லை. மற்றொரு புதுமையும் உண்டு. கம்பளிப் பின்னலுக்கு வில்லியம் லீ என்னும் ஆங்கிலேயர் 1589 ஆம் ஆண்டிலேயே ஓர் எந்திரம் அமைத்துவிட்டார். நெசவுக்கு விசைத்தறி வந்து பன்னெடுங்காலம் ஆயிற்று. குரோஷாப் பின்னலை மட்டும் ஆலைகள் இன்னும் எந்திரத்திடம் ஒப்படைக்கவில்லை. கடையில் காணும் ஒவ்வோர் உண்மையான குரோஷாப் பின்னலும் எவரோ ஒருவரின் விரல்கள் கண்ணி கண்ணியாய்ச் செய்ததே.

பெண் முதல் நாளில் பின்னிய சங்கிலி பார்ப்பதற்குப் பாம்பு விழுங்கிய எலிகளை எண்ணச் செய்தது. ஓரிடத்தில் இறுகி நூல்போல் மெலிந்தும், மற்றோரிடத்தில் தளர்ந்து புடைத்தும் கிடந்தது. தந்தை தறியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா அது?"

"சங்கிலி, அப்பா."

"விளையாட்டு வேலை. ஆயாவிடம் குஞ்சம் கட்டக் கற்றுக்கொண்டால் சோறாகும்" என்று கூறி அவர் மீண்டும் மிதிபலகையை மிதித்தார்.

ஆயா ஒன்றும் கூறவில்லை. சங்கிலியைக் கையில் வாங்கி, விரல்களால் தடவிப் பார்த்தார். "இந்த இடத்தில் உனக்குக் கோபம், இந்த இடத்தில் உறக்கம்" என்றார். பெண் நகைத்தாள். ஆனால் அது மெய்யே. நூலைப் பிடிக்கும் இறுக்கம் எங்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அதனை எவரும் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. நூறு கண்ணி, இருநூறு கண்ணி என்று பின்னிப் பின்னி விரலே அறிந்துகொள்ள வேண்டும். நான்காம் நாள் சங்கிலி ஒரு சீராக வந்தது. அதனைத் தன் பின்னலில் நாடாவாகக் கட்டிக்கொண்டு அவள் பள்ளிக்குச் சென்றாள். வேறொன்றும் கல்லாதவரும் செய்யத்தக்க முதற்பொருள் அதுவே.

இரண்டாம் பாடம் சதுரம். இருபது கண்ணிச் சங்கிலி ஒன்றைப் பின்னி, திரும்புவதற்கு ஒரு கண்ணி மிகுதியாகச் சேர்த்து, வந்த வழியே திரும்பிச் சென்று ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஒற்றைப் பின்னல் இடுதல் வேண்டும். வரிசை முடிந்ததும் மீண்டும் ஒரு கண்ணி சேர்த்துத் திரும்புதல் வேண்டும். அகலமும் உயரமும் ஒக்கும்வரை இவ்வாறே சென்றால் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணி கிடைக்கும். இதற்குப் பருத்தி நூலே தகும். செயற்கை இழையால் ஆன நூல் சூட்டில் உருகிக் கையைச் சுடும். விலை மலிவு என்று அதனை வாங்கிவிடலாகாது. நூல்களைப் பார்த்துக் கற்பவர் மற்றொன்றையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். அமெரிக்கர் ஒற்றைப் பின்னல் என்று குறிப்பதனையே ஆங்கிலேயர் இரட்டைப் பின்னல் என்று குறிக்கின்றனர். எந்நாட்டு நூல் என்று பாராமல் பின்னத் தொடங்கினால் துணி வேறு அளவாய் முடியும். ஒரே மொழி பேசும் இரு நாட்டார் ஒன்றை இரண்டு என்று எண்ணிக்கொள்வது விந்தையே!

பெண்ணின் முதற்சதுரம் சதுரமாக வரவில்லை. அடியில் அகன்று மேலே குறுகி முறம்போல் ஆயிற்று. அவள் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், காரணம் விளங்கவில்லை. தந்தை நெசவை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"ஒவ்வொரு வரிசையும் எண்ணினாயா?"

"முதல் வரிசையை எண்ணினேன், அப்பா."

"பாவில் ஓர் இழை குறைந்தால் சேலை முழுவதும் குறையும். எண்ணாமல் எதுவும் நேராகாது, அம்மா."

அவள் எண்ணினாள். முதல் வரிசையில் இருபது; ஐந்தாம் வரிசையில் பதினெட்டு; பத்தாம் வரிசையில் பதினான்கு. சில வரிசைகளின் கடைசிக் கண்ணியைக் கண்டுகொள்ளாது விட்டுவிட்டுத் திரும்பியிருந்தாள். புதியோர் பெரும்பாலார் செய்யும் பிழை அது. பிழை கண்டதும் என்ன செய்வது? ஊசியிலிருந்து கண்ணியைக் கழற்றி நூலைப் பற்றி இழுத்தாள். வரிசை வரிசையாக எல்லாம் அவிழ்ந்து, பழையபடி ஒரே நூலாய் மடியில் வந்து விழுந்தது. ஒரு முழம் நூலும் வீணாகவில்லை.

தந்தை அதனை வியப்போடு பார்த்தார். தறியில் தவறிய ஊடையைப் பின்னுக்கு எடுப்பது எளிதன்று. சரிகை கோத்த இடமாயின் எடுக்கும்பொழுதே இழை நைந்துபோகும். பிழையோடு முடிந்த சேலைக்குக் கூலியில் பிடித்தம் உண்டு. அவர் நெடுநேரம் அந்த நூலையே நோக்கிக்கொண்டிருந்தார். பின்பு ஒன்றும் கூறாமல் நாடாவை எடுத்தார்.

மூன்றாம் பாடமாகிய வட்டம்தான் குரோஷாவின் உயிர். ஆறு பின்னல்களை ஒரு வளையத்தில் இட்டு நடுப்பகுதியைத் தொடங்குவர். இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டாக இட்டால் பன்னிரண்டு ஆகும். மூன்றாம் சுற்றில் பதினெட்டு. நான்காம் சுற்றில் இருபத்து நான்கு. சுற்றுதோறும் ஆறு ஆறாகவே பெருகும். காரணம் எளிது. வட்டத்தின் ஆரம் ஒரே அளவாகக் கூடினால் அதன் சுற்றளவும் ஒரே அளவாகவே கூடும் என்பது கணக்கு வகுப்பில் கற்றதே. அக்கணக்கை விரல் பிழையாது செய்தால் வட்டம் தட்டையாகப் படியும். தம்ளருக்கு அடியில் வைக்கும் விரிப்பாக அது பயன்படும்.

பெருக்கம் குறைந்தால் வட்டம் கிண்ணம்போல் குவியும். மிகுந்தால் ஓரம் நெளிந்து நெளிந்து கோழிக்கொண்டைப் பூவாய் மாறும். அப்பெண்ணின் முதல் வட்டம் அவ்வாறே பூத்தது. தட்டையாக்கலாம் என்று எண்ணி அவள் அதன்மேல் நீர் தெளித்துப் பாடநூல்களை அடுக்கிப் பார்த்தாள். நூல்களை எடுத்தவுடன் மீண்டும் எழுந்து நின்றது. மறுநாள் அதனை ஆசிரியையிடம் காட்டி வருந்தினாள். ஆசிரியை அவளைக் கணக்கு ஆசிரியரிடம் அனுப்பினார். அவர் கூறிய செய்தி வகுப்பு முழுவதையும் வியப்பில் ஆழ்த்தியது.

ஒரு முக்கோணத்தின் கோணங்கள் மூன்றும் சேர்ந்து 180 பாகை ஆகும் என்பது தட்டையான தளத்திற்கு உரிய விதி. அத்தொகை 180 பாகைக்குக் குறையும் வேறுவகைத் தளமும் உண்டு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலோபசெவ்சுகி, போயாய் முதலிய கணித அறிஞர்கள் நிறுவினர். எழுத்தில் நிறுவப்பட்ட அத்தளத்தைக் கையில் எடுத்துக் காட்டுவது அரிதாக இருந்தது. காகிதத்தை வெட்டி ஒட்டிச் செய்தனர். அது எளிதில் கிழிந்தது. லாத்வியா நாட்டில் பிறந்த தைனா தைமினா என்னும் கணித ஆசிரியை 1997 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுகையில், குரோஷா ஊசியை எடுத்தார். சுற்றுக்குச் சுற்று ஒரே விகிதத்தில் கண்ணிகளைப் பெருக்கிக்கொண்டே சென்றார். ஓரம் நெளிந்தது, மேலும் நெளிந்தது. அறிஞர் தேடிய தளம் அவர் மடியில் கிடந்தது. மாணவர் அதனை மடித்தும் தடவியும் கோடு தைத்தும் பார்த்துக் கற்றனர். கடலில் பவளமும் தோட்டத்தில் இலைக்கோசும் அவ்வடிவத்தை முன்னரே அறிந்திருந்தன! தென்னேரிப் பெண் பிழை என்று வருந்தியதும், தைமினா விரும்பிச் செய்ததும் ஒன்றே. ஆயினும் தைமினா எண்ணிச் செய்தார். இவள் எண்ணாமல் செய்தாள். கணக்கு ஆசிரியர் அவ்வேறுபாட்டையும் மறவாமல் கூறினார்.

எண்ணக் கற்ற பின்னர் அவள் செய்த பொருள்களுள் ஆயாவின் சுருக்குப்பை குறிக்கத்தக்கது. அதில் முன்கற்ற மூன்று பாடங்களும் அமைந்திருந்தன. ஏழு சுற்று வரை ஆறு ஆறாகப் பெருக்கித் தட்டையான வட்டம் ஒன்று பின்னினாள். அது பையின் அடி. அதற்குமேல் பெருக்காமல் நாற்பத்திரண்டு கண்ணிகளையே சுற்றிச் சுற்றிப் பின்னினாள். அது பையின் சுவராய் எழுந்தது. வாய்ப்புறத்தில் இடையிடையே கண்ணிகளைத் தாண்டித் துளைகள் அமைத்தாள். நீண்ட சங்கிலிகள் இரண்டினை அத்துளைகளில் எதிரெதிராகக் கோத்து இழுத்தாள். பை வாயை மூடிக்கொண்டது. ஆயா வெற்றிலையையும் சில்லறையையும் பழைய துணிப்பையிலிருந்து புதியதற்கு மாற்றினார். "இதில் துளையெல்லாம் கைக்குத் தெரிகிறது, கண் வேண்டியதில்லை" என்றார்.

அண்டை வீட்டுப் பெரியம்மா தம்ளர் விரிப்புகளைக் கண்டு மகிழ்ந்து நான்கு கேட்டார். பெண் உவந்து கொடுத்தாள். பத்து நாள் கழித்து அவர் மீண்டும் வந்தார். "மகளுக்கு வளைகாப்பு, வருபவர்க்குக் கொடுக்கப் பன்னிரண்டு வேண்டும், கண்ணு. நூல் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். பொழுதுபோக்காய்ப் பின்னுவதுதானே!" என்றார். அவர் தீய எண்ணத்தோடு கூறவில்லை. பெண்ணும் தலையசைத்தாள். ஆயினும் அன்றிரவு மூன்றாவது விரிப்பைப் பின்னும்பொழுது, மறுநாளைய தேர்வுக்குப் படிக்க வேண்டிய பாடம் தொடாமலே கிடப்பதைக் கண்டாள். கண்ணீர் துளிர்த்தது; யாரை நொந்துகொள்வது என்று தெரியவில்லை.

பெரியம்மா கூறிய அச்சொல் தென்னேரியில் மட்டும் கூறப்பட்டது அன்று. இவ்வூசி சென்ற நாடெங்கும் அச்சொல்லும் உடன் சென்றது. அயர்லாந்து நாட்டில் 1845 ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் பற்றியது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் நாட்டைவிட்டுக் கப்பலேறினர். அப்பொழுது கன்னிமாடத்துத் துறவியரும் பிற பெண்களும் ஏழைக் குடும்பங்களுக்குக் குரோஷாப் பூவேலை கற்பித்தனர். நிலம் கைவிட்ட பல வீடுகளை அவ்வூசி காத்தது. செல்வர் வீட்டுப் பெண்கள் அணிந்த அப்பூவேலை 'பொழுதுபோக்கு' என்றே பெயர் பெற்றது. விக்டோரியா அரசியாரும் குரோஷா அறிந்தவரே. போவர் போர்க்காலத்தில் தம் கையால் எட்டுக் கழுத்துத் துணிகள் பின்னி வீரர்க்கு அளித்தார். அரசியாருக்கு அது பொழுதுபோக்குதான். அயர்லாந்துத் தாய்க்கு அது மறுநாள் உணவு.

தமிழகத்தின் தென்கோடியிலும் இத்தகைய வரலாறு உண்டு. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர்த் தம் பள்ளிச் சிறுமியர்க்குப் பின்னல் வேலை கற்பித்தார். அது குரோஷா அன்று. திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் வேறுவகை வேலை. திருவிதாங்கூரில் அடிமைமுறை நிலவிய காலம் அது. அடிமைகளாய்ப் பிறந்த பெண்களுள் சிலர் அவ்வேலையின் கூலியைச் சேர்த்து வைத்துத் தம் விடுதலையை விலைக்கு வாங்கினர். கைவேலைக்குக் கூலி என ஒன்று குறிக்கப்பட்டிருந்தமையால் அன்றோ அது இயன்றது!

ஆந்திர நாட்டுக் கோதாவரிக் கரையில் உள்ள நரசாபுரத்தில் நிகழ்ந்தது வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவத் திருத்தொண்டர் வழியாக அங்குப் பரவிய குரோஷாப் பூவேலை, வெளிநாட்டு வாணிகமாய்ப் பெருகிற்று. ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டு வாயிலில் அமர்ந்து பின்னினர். மரியா மீசு என்னும் செருமானிய அறிஞர் அவ்வூர்ப் பெண்களின் நிலையை நேரில் ஆராய்ந்து 1982 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய அப்பெண்கள் தொழிலாளராகக் கருதப்படவில்லை; வீட்டிலிருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை என்றே அது கருதப்பட்டது. ஓய்வு நேர வேலைக்கு ஓய்வு நேரக் கூலி! பொருள் கடல் கடந்து விற்றது. பின்னிய கைக்கு மிகச் சிறு பங்கே வந்தது. 2024 ஆம் ஆண்டில் நரசாபுரத்துப் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிப் பட்டுக்கு அது முன்னரே கிடைத்துவிட்டது. குறியீடு பொருளின் பெயரைக் காக்கும். பின்னிய நேரத்தை எண்ணுவது அதன் வேலை அன்று.

தென்னேரி வீட்டில் அன்றிரவு தந்தை விளக்கொளியில் மகளின் முகத்தைக் கண்டார். செய்தியைக் கேட்டறிந்தார். கோபம் கொள்ளவில்லை.

"ஒரு விரிப்புக்கு எவ்வளவு நேரம் ஆகிறது?" என்று கேட்டார்.

"தெரியாது, அப்பா."

"இப்பொழுது தொடங்குவதைப் பார்த்துச் சொல்."

அவள் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு பின்னினாள். ஐம்பது நிமிடம் ஆயிற்று. தந்தை விரலை மடக்கிக் கணக்கிட்டார். "பன்னிரண்டுக்குப் பத்து மணி நேரம். ஒரு நாள் நெசவு! எனக்கு ஒரு நாள் கூலியை எவராவது நூல் விலையில் கழிப்பாரா? பெரியம்மாவிடம் நானே சொல்கிறேன். முதலில் கொடுத்த நான்கும் அன்புக்கு. இந்தப் பன்னிரண்டுக்கும் கூலி உண்டு. தேர்வு முடிந்த பின்னரே தருவாய்."

பெண்ணின் முகம் மலர்ந்தது. தந்தை ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்து, "இனிமேல் எந்த வேலையானாலும் தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் இதில் எழுது" என்றார்.

சுவரோரம் படுத்திருந்த ஆயா எழுந்து உட்கார்ந்தார். உறங்கிவிட்டார் என்றே அனைவரும் எண்ணியிருந்தனர்.

"அப்பா," என்று அவர் தம் மகனை அழைத்தார். "நாற்பது ஆண்டு இந்த இராட்டையில் தார் சுற்றினேன். உன் அப்பாவுக்குச் சுற்றினேன், உனக்கும் சுற்றினேன். இப்பொழுது உன் வீட்டுக்காரி சுற்றுகிறாள். அதற்கு எத்தனை மணி நேரம் என்று எழுதியிருக்கிறாயா?"

அறையில் பேச்சு இல்லை. நெசவுக்கூலி ஒரு சேலைக்கு இவ்வளவு என்று அளக்கப்படுவது. தார் சுற்றியதும் கரை நாடாவை வாங்கித் தந்ததும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். அவற்றிற்குத் தனிக்கணக்கு இல்லை. தந்தை அறியாத செய்தி அன்று அது. ஆனால் அவரிடம் அதுவரை எவரும் கேட்டதில்லை. நாடாவை எடுத்தார்; மீண்டும் வைத்தார். "இல்லை, அம்மா" என்றார்.

"கேட்டேன், அவ்வளவுதான்" என்று கூறி ஆயா சுருக்குப்பையைத் திறந்து வெற்றிலையைத் தேடினார்.

தேர்வு முடிந்தது. பன்னிரண்டு விரிப்புகளும் சென்றன. பெரியம்மா சிறிது முணுமுணுத்தாராயினும் பேசிய கூலியைக் கொடுத்து, அடுத்த வீட்டாரையும் அனுப்பிவைத்தார். பின்னர் ஒரு நாள் பச்சைப் பட்டுச் சேலை ஒன்று குஞ்சம் கட்ட வந்தது. இப்பொழுதெல்லாம் முந்தானை ஓரத்தில் மெல்லிய குரோஷா ஊசியால் பட்டு நூலைக் கோத்து, சங்கிலி வளைவுகளாகப் பின்னி, இடையே மணிகள் சேர்த்துக் குஞ்சம் அமைப்பதும் வழக்கமாகியுள்ளது. பெண் அதற்கென்று மெல்லிய எஃகு ஊசி ஒன்று வாங்கியிருந்தாள். தொங்கும் பாவு இழைகளை ஆயா சொல்லச் சொல்லப் பிரித்துப் பழைய முறைப்படி முடிச்சிட்டாள். இறுக்கத்தை ஆயாவின் விரல்கள் தடவிப் பார்த்தன. அதன்பின், முடிச்சுகளுக்கு மேலே நெய்த ஓரம் நெடுகிலும் அவள் ஊசியால் சிறு வளைவுகளைப் பின்னிச் சென்றாள். இரண்டிடத்தில் தவறியது. ஊசி வேலையை அவிழ்த்து மீண்டும் பின்னினாள். பட்டு முடிச்சை ஒருமுறை இறுக்கினால் அவிழ்ப்பது அரிது என்பதால் அங்கு மட்டும் மூச்சை அடக்கிச் செய்தாள்.

மாலையில் வேலை முடிந்தது. குறிப்பேட்டைத் திறந்து, 'பச்சைச் சேலை, குஞ்சம், நான்கு மணி நேரம்' என்று எழுதினாள். அதன் கீழே 'ஆயா, சொல்லிக் கொடுத்தது, ஒரு மணி நேரம்' என்று எழுதினாள். தாயார் சமையலை முடித்து, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இராட்டையின் முன் வந்து அமர்ந்தார். சக்கரம் சுழலத் தொடங்கியது. பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். புதிய பக்கம் ஒன்றைத் திருப்பினாள். 'அம்மா, தார், ஆறு மணி பத்து நிமிடம்' என்று எழுதி, முடிக்கும் நேரத்திற்கு இடம் விட்டு வைத்தாள்.